பூட்ஸ் பெட்டி

மார்ச் இரண்டாம் வாரம்
மௌமி ஆற்றில் பனிப்பாளம் விரிசல் விடும்போது
டெல்லா பியாஸெக்கி படியேறி வருவாள்,
கக்கத்தில் ஒரு பூட்ஸ் பெட்டி.
ஓராண்டு அதற்குள் கசங்கிக் கிடக்கும்.

டொலீடோவில், லாக்ராஞ்ச் தெருவில்,
ரொட்டிக்கடைக்கு மேலே என் அலுவலகம்.
பல் வைத்தியர் இருவர், ஒரு பூக்கடை,
சவப்பெட்டி விற்கும் அண்ணன் தம்பி:
இவர்கள் கணக்கெல்லாம் அடுக்கி வைத்த தட்டு.
இவளுடையதோ
கொட்டினால் மேசை தாண்டி உருளும்.

கிதார் கம்பி, பன்னிரண்டு செட்.
பெட்ரோல்: கிளீவ்லாந்து, ஈரி, பஃபலோ,
மறுபடியும் ஈரி.
ஏன் திரும்பினாய் என்றேன்.
"ரேடியேட்டர் வெடித்தது. இரண்டு நாள் பட்டறை வாசலில்.
ஒரு பாட்டு வந்தது."
பாட்டுக்கு என் படிவத்தில் இடமில்லை.
பழுதுபார்ப்பு, நானூற்றுப் பன்னிரண்டு டாலர்
என்று எழுதினேன்.

வரியால் பிழைப்பவர்கள் நாங்கள் இருவரும்.
அவள் எழுதுவாள், நான் கழிப்பேன்.

பத்தொன்பது வருடம் அவள் பாடிக் கேட்டதில்லை.
தெரிந்ததெல்லாம் ரசீதுகள் சொன்னதுதான்.
முதல் வருடங்களில் காலை உணவு நான்கு பேருக்கு.
பிறகு மூன்று.
டிரம்ஸ்காரன் கோபால்ஸ்கி பிளம்பர் வேலைக்குப் போன கோடையில்
விடுதி அறை ஒன்று, கட்டில் ஒன்று,
ஒரு காப்பி.
நான் எதுவும் கேட்கவில்லை. தேதி சரிபார்த்தேன்.

டயர் கம்பெனி ஒன்று
அவள் பல்லவியில் முப்பது வினாடி வாங்கிய வருடம்
கடைவாய்ப் பல் இரண்டைக் கட்டிக்கொண்டாள்.
(பல்லைக் கழிக்க முடியாது என்றேன்.
"பல்லில்லாமல் பாடிப் பார்" என்றாள்.)

சிகாகோவிலிருந்து ஒப்பந்தம் வந்தது, நாற்பது பக்கம்.
ஏழாம் பிரிவைப் படித்துக் காட்டினேன்:
இதுவரை பாடியதும், இனிப் பாடப்போவதும்.
மடித்து வாங்கிக்கொண்டாள்.
ஆடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயர் காலுக்கு
சரியான கனமாம்.

பிறகுதான் அந்தக் கடிதம்.
ஐந்தாண்டு தொடர் நட்டம்.
இது தொழிலா, பொழுதுபோக்கா? விளக்கம் தருக.

கூட்டாட்சிக் கட்டடம், நான்காம் மாடி, ஜன்னல் இல்லாத அறை.
வேன் ஓடிய மைல்களைத் தேதிவாரியாக அடுக்கினேன்,
விற்காத இசைத்தட்டுகளின் இருப்புப் பட்டியலையும்.
அதிகாரி ஓப்பல் டிரெஸ்லர் கண்ணாடியை இறக்கினார்.
"ஒரு கேள்வி. விதியில் இருக்கிறது, கேட்டாக வேண்டும்.
இதில் உங்களுக்கு இன்பம் உண்டா?"

உண்டு என்றால் பொழுதுபோக்கு.
மேசைக்கடியில் அவள் பூட்ஸை மிதித்தேன்.

டெல்லா நெடுநேரம் யோசித்தாள்.
"மேடையில் நாற்பது நிமிடம் உண்டு, அம்மா.
மீதி இருபத்துமூன்று மணி இருபது நிமிடம்
சாமான் தூக்குகிறேன்."

டிரெஸ்லர் ஏதோ குறித்துக்கொண்டார்.
ஆறு வாரம் கழித்துப் பதில்: தொழில்.
அன்று நான் குடித்தேன், அவள் வேன் ஓட்டினாள்.

போன நவம்பரில்தான் போனேன்.
ஆடம்ஸ் தெரு மதுக்கடை, உள்ளே முப்பத்தொரு பேர்.
எண்ணாமல் இருக்க வரவில்லை எனக்கு.
முதல் பாட்டு சத்தம். இரண்டாவதும்.
மூன்றாவதில் கிதாரைத் தணித்து
ஒரு பட்டறை வாசல், நனைந்த ஈரி நகரம்,
ஆவி விட்டு நிற்கும் வண்டி,
அது ஆறும்வரை
யாரையும் வெறுக்க நேரம் இருந்தது என்று பாடினாள்.

என் கை தானாகச் சட்டைப்பையில் பேனா தேடியது.
நானூற்றுப் பன்னிரண்டு.
அதை எங்கே எழுதியிருந்தேன்!

முடிந்ததும் அவளே மேசை போட்டு
டீ ஷர்ட் விற்றாள். இருபது டாலர்.
என் அளவு இல்லை, சின்னதுதான் மிச்சம்.
"ரசீது போடட்டுமா?" என்றாள், சிரிக்காமல்.

வேண்டாம் என்றேன்.
வெளியே பனி பிடித்திருந்தது.
ஆம்ப்ளிஃபயரின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன்.
கனம்தான்.